வெள்ளைத் தட்டில் தெரியாத சோறு

விவரம் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் எழுதுவது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் மாரியம்மன் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மறதி நோய். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளைவித்தவர். வழி மறந்து காட்டுக்குள் நடந்துவிட்டதால் ஓசூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எங்கள் பக்கம் உடம்பு முடியாதவர்களுக்கு ராகிக் களி கொடுக்கமாட்டோம், செரிக்காது என்பார்கள். அதனால் தயிர்சோறு குழையப் பிசைந்து, வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஆயுதபூஜைக்குக் கொடுத்த வெள்ளைத் தட்டில் வைப்பேன். வரவரச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். கண்புரை ஆபரேஷன் முன்பே செய்தாகிவிட்டது, கண்ணில் குறையில்லை என்றார்கள். போன ஆடியில் எலும்பும் தோலுமாகிவிட்டார். திங்கட்கிழமை வரை பார்ப்போம், இல்லையென்றால் மூக்கில் குழாய் போடவேண்டும் என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அழுதேன். தாயே, அப்பாவை அவர் கையால் ஒரு வாய் சாப்பிட வை, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன்.

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் கௌரம்மா, அம்மனுக்குப் படைத்த களி உருண்டையோடு வந்தார். அப்பாவுக்குக் கொடுக்கத் தயங்கினேன்.

"சாமி களிதான்க்கா, ஒண்ணும் ஆவாது. நீ என்ன டாக்டரா?" என்று அவரே அந்தத் தட்டில் வைத்தார்.

அப்பா குனிந்தார். கை நேராக உருண்டைக்குப் போனது. கிள்ளி வாயில் போட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாறு ஊத்தாம களி வெக்கற. யார் வூட்டுப் பொண்ணும்மா நீ?"

கௌரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா நிஜமாகவே கேட்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. குழம்புச் சாறு எடுக்க அடுப்படிக்குப் போன இடத்தில் அழுதேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். வயதானாலே நிற வித்தியாசம் மங்கும், இந்த நோயில் இன்னும் மங்கும், வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவருக்குத் தெரிந்திருக்காது என்றார். குழாய் வேண்டாம் என்றார். அத்தனை நாளும் அப்பா பசியோடு காலித் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிடிவாதம் என்று நினைத்தோம்.

நோய் போகவில்லை. போகாது என்கிறார்கள். நான் கேட்டது ஒரு வாய், தாய் கொடுத்தாள். இப்போது எதை வைத்தாலும், இது அவர் கண்ணுக்குத் தெரியுமா என்று பார்த்துத்தான் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அவளிடம் கேளுங்கள். அவள் எந்த வாசல் வழியாகவும் வருவாள்.

டாக்டரைப் பார்த்த மறுநாள், கருநீலத் தட்டு வாங்கி தயிர்சோறு வைத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளி, "நீயும் சாப்புடும்மா" என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. மீதியை நான் சாப்பிட்டேன்.