இருவரும் இறங்கி வந்த நாள்

எனக்குப் பூண்டுக் காடு இருக்கிறது. வீட்டில் ஒரு கிரிப்டோ நெட்வொர்க்கின் கணக்கைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. சின்ன நெட்வொர்க்தான். அதில் பெரிய கம்ப்யூட்டர்கள் இரண்டு: ஒன்று என்னுடையது, மற்றது பெருமாள்மலையில் கடை வைத்திருக்கும் என் மைத்துனனுடையது. ஒட்டன்சத்திரம் வியாபாரிகள் சிலர் எங்களை நம்பித்தான் அதில் பணம் போட்டிருந்தார்கள்.

புது மென்பொருள் வந்தது. நான் வேண்டும் என்றேன், அவன் கூடாது என்றான். மாற்றத்துக்குக் குறித்த நாளில் ஆளுக்கொரு மென்பொருளில் இருந்தால் கணக்குச் சங்கிலி இரண்டாகப் பிரிந்துவிடும். பிறகு இந்தப் பக்கத்துப் பணம் அந்தப் பக்கம் செல்லாது. இது தெரிந்தும் ஒரு காதுகுத்துப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டோம். அதோடு பேச்சு நின்றது.

நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

“பழசோ புதுசோ, என்னமோ ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கணும்ல?” என்றாள் மனைவி. “என் தம்பி இறங்க மாட்டான். நீங்க இறங்குங்க.”

முந்தின நாள் மாலை என் கம்ப்யூட்டரைப் பழைய மென்பொருளுக்கே மாற்றிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. தோற்றுப்போய் நானே போன் செய்வதா என்கிற வீம்பு. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் காலையில் பூண்டுக்கு மருந்தடிக்கப் போனேன்.

மத்தியானம் ஒரு வியாபாரி கூப்பிட்டார். “வெள்ளனே அனுப்புன பணம் இன்னும் வரலங்கிறாங்க. என்னங்க நடக்குது?”

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். சங்கிலி பிரிந்திருந்தது. இவன் என் குடியைக் கெடுக்கவே பிறந்தவனா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

“ஏலே, உனக்காகத்தாம்லே நான் பழசுக்கு வந்தேன். அப்பவும் ஏம்லே பிரிச்சுப்புட்ட?”

“நான் நேத்தே புதுசுக்கு மாறிட்டேன் மச்சான்,” என்றான். “அக்கா போன்ல அழுதுச்சு. மச்சான் இறங்க மாட்டாரு, நீ இறங்குன்னுச்சு.”

இத்தனை நாள் கோபத்தில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. காலையிலிருந்து இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் நடந்துவிட்டது. எந்தப் பக்கத்தை அழித்தாலும் யாரோ ஒருவர் வாங்கிய பணம் இல்லை என்றாகிவிடும்.

மனைவி அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். யாரோடு பேசுகிறேன் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“பேசிட்டீங்கள்ல? இனி சேத்துரலாம்ல?”

போனில் அவனுக்கும் அது கேட்டிருக்கும். நான் போனை அவளுடைய ஈரக் கையில் கொடுத்தேன்.