குண்டா, ரவையா, வெறும் மருந்தா

அண்ணன் காலிச் சாக்கைத் தரையில் விரித்து மூன்று பொட்டலங்களை வைத்தார். ஒன்றில் ஈயக் குண்டுகள். இன்னொன்றில் மிளகைவிடச் சிறிய ரவைகள். மூன்றாவதில் கறுப்பு வெடிமருந்து மட்டும். துப்பாக்கி சுவரோரம் சாய்ந்திருந்தது. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய பழைய நாட்டுத் துப்பாக்கி. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. பெரக்கரை நாட்டிலிருந்து வாழவந்தி நாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டி எடுத்து வந்திருந்தார்.

"குண்டு போட்டா ஒண்ணு உழும், அங்கியே உழும்," என்றார். "குறி தப்புனா ஒண்ணுமில்ல. ரவை போட்டா தப்பாது. ஆனா ஒடனே சாவாது கண்ணு. மேலெல்லாம் வாங்கிக்கிட்டுப் போயி, எங்கியாச்சும் பொதருக்குள்ள நாலு நாள் கெடந்து சாவும். வெறும் மருந்துன்னா சத்தம் மட்டுந்தான். ஓடும், மறுபடியும் வரும்."

"எதுன்னாலும் சரிங்ணா."

"போன ஆடு உன்னுது. நீதான் சொல்லோணும்."

"குண்டு," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் முதலில் சொன்னது அது, அவ்வளவுதான்.

அது வைகாசி மாதம். மாசியில் என் வீட்டுக்காரர் மிளகு பறிக்கும்போது கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தார். மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது. நான் கீழே மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன், பார்த்தேன், கையிலிருந்த மிளகைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் எழுந்து போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாமை ஆக்கினேன், துணி துவைத்தேன், ஆடுகளை ஓட்டிப் போனேன், ஓட்டி வந்தேன். தைரியசாலி என்று சிலர் சொன்னார்கள். கல் மனசு என்று சிலர் சொன்னார்களாம். இரண்டுமே வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரி இருந்தது.

சித்திரைக் கடைசியில் முதல் குட்டி போயிற்று. அடுத்த வாரம் இரண்டு. பிறகு ஒரு தாயாடு. பட்டியின் மூங்கில் தட்டி ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது எனக்குத் தெரியும். கட்டவில்லை. கிழிந்து கிடந்த ஆட்டைப் பார்த்தபோது, மழையில் ஒடிந்து விழுந்த வாழையைப் பார்ப்பது போல இருந்தது. அடுத்த காட்டுக்காரம்மாதான் நரி வந்துவிட்டது என்று அண்ணனுக்கு போன் செய்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

அண்ணன் வந்த அன்று சாயங்காலம் அந்தத் தாயாட்டை நான் புதைக்காமல் போட்டிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இது நரியில்ல கண்ணு. நரி குட்டியத் தூக்கிட்டுப் போயிரும். இவ்வளவு பெரிய ஆட்டத் தொடாது. இங்க பாரு, பின்னந்தொடையெல்லாம் பிச்சுப் போட்டிருக்குது. இது நாயி. நாலஞ்சு சேந்து வருது."

மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேண்டாத நாய்களைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிவிட்டுப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்கூட்டு நாய் எங்க?"

என் வீட்டுக்காரர் வளர்த்த செவலை நாய், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. அவர் தட்டில் மிச்சம் வைத்துப் போடுவார். நான் ஒரு நாளும் போட்டதில்லை, போட வேண்டியிருந்ததில்லை. அவர் போன பிறகு அது என்ன சாப்பிட்டது, எப்போது போனது, போய் ஒரு வாரமா, இரண்டு மாதமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலீங்ணா," என்றேன். அவர் ஓடைப் பக்கம் தடம் பார்க்க இறங்கினார்.

மறுநாள் விடிவதற்குச் சற்று முன் கிளம்பினோம். மரவள்ளிக் காட்டுக்குக் கீழே ஓடை. ஓடையோரத்துப் புதரில்தான் அவை படுக்கின்றன என்று தடம் பார்த்துச் சொல்லியிருந்தார். புதருக்கும் கீழே இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

"விடியக்காலைல காத்து பள்ளத்தப் பாத்து எறங்கும்," என்று மெதுவாகச் சொன்னார். "மேல உக்காந்தா நம்ம வாசம் நமக்கு முன்னாடியே போயிரும்."

ஒரு குட்டியைக் கட்டி வைத்தால் வரும் என்றார். வைக்க மனமில்லை என்றும் அவரே சொன்னார். சிறு வயதில் ஆடு மேய்க்கும்போது நான் குட்டி மாதிரிக் கத்துவேன். தாயாடுகள் ஏமாந்து ஓடிவரும். அண்ணனுக்கு அது நினைவிருந்தது.

"கத்துறியா?"

கத்தினேன். முதல் தடவை காற்று மட்டும் வந்தது. மூன்று மாதமாக நான் சத்தமாகப் பேசியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. தாயைத் தொலைத்த குட்டியின் குரல். விட்டு விட்டுக் கத்த வேண்டும், நான் விடாமல் கத்தினேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு வருத்தமாகவும் இல்லை. தொண்டை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

"போதும் கண்ணு. வருது."

மூன்று வந்தன. முதலில் செவலை. முன்னங்கால் வெள்ளை. எலும்பெல்லாம் தெரிந்தது. அதன் பின்னால் உயரமான ஒரு வெள்ளை நாய், அதற்கும் பின்னால் கறுப்பு ஒன்று. செவலை நின்று காதைத் தூக்கிப் பாறையைப் பார்த்தது. குட்டிக் குரலுக்கு வந்ததா, என் குரலென்று தெரிந்து வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

"முன்னால நிக்கிறது உங்கூட்டுது தான?"

"ஆமாங்ணா."

அவர் குழலை நகர்த்தாமல் காத்திருந்தார். அதுதான் கிட்டத்தில் நின்றது.

"சுடுங்ணா," என்றேன்.

என் குரலில் எந்த மாற்றமும் இல்லை. உப்பை எடுங்கள் என்று சொல்வது போலச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. புகை கலைந்தபோது வெள்ளை நாய் விழுந்த இடத்திலேயே கிடந்தது. மற்ற இரண்டும் இல்லை.

கிட்டப் போய்ப் பார்த்தோம். அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது, யாரோ வீட்டில் வளர்த்தது. பட்டை இறுகி மயிருக்குள் புதைந்திருந்தது. அண்ணன் கத்தியால் அதை அறுத்து எடுத்துவிட்டுத்தான் குழி தோண்டினார். நான் மண் தள்ளினேன். சுட்டது வெளியே தெரிந்தால் கேசாகும், யாராவது கேட்டால் பன்றியை விரட்ட வெடி போட்டோம் என்று சொல்லச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

அண்ணன் ஊருக்குப் போன பிறகு தினமும் ஓடைக்கரையில் ஒரு சட்டியில் கஞ்சி வைத்தேன். ஏன் வைக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆறாம் நாளிலிருந்து சட்டி காலியாக இருந்தது. எது குடித்தது என்று தெரியாது. பத்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் செவலை மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நின்றது. கூப்பிட்டேன், வரவில்லை. நான் நகர்ந்த பிறகு வந்து குடித்துவிட்டுப் போயிற்று.

அண்ணன் மறுபடி வந்தபோது துப்பாக்கி கொண்டுவரவில்லை. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். சோளக்காடு ஊர்ச் சந்தையிலிருந்து புது மூங்கிலும் கம்பி வலையும் ஏற்றி வந்திருந்தார். இருவரும் பட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினோம்.

வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு நான் சொன்னனில்லீங்ணா, சுடுங்கன்னு. ஏன் சுடல?"

அவர் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். "நீ சொன்னது காதுல உழுவல கண்ணு," என்றார்.

நான் அவர் காதருகில்தான் சொன்னேன். அது அவருக்கும் தெரியும். "இன்னுங் கொஞ்சம் இழுத்துப் புடி," என்றார். இழுத்துப் பிடித்தேன். கம்பி உள்ளங்கையை அறுத்து ரத்தம் வந்தது. அண்ணன் பார்த்துவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்குள் போனார். கை எரிந்தது. நன்றாகவே எரிந்தது. அவர் திரும்பி வரும்வரை வலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.