ஜெனோவாவுக்கு அவசரமாய் எடுத்த டிக்கெட்

ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் துறைமுகத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருக்கும் ஃபின்லே ஓரிடத்தில் உட்கார்ந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட நடப்பான். ஊர்க்காரர்கள் சிலர் கால்பந்து பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை இத்தாலிக்குப் போவார்கள்; ஆள் சேர்ப்பதிலிருந்து அறை பிடிப்பது வரை எல்லாம் அவன் தலையில்தான். திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் போச்சு, மனுஷன் வீட்டில் தரை தேயும்.

இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு அவன் ஒரு விதி வைத்திருந்தான். ஆட்ட அட்டவணையில் சனிக்கிழமை என்றுதான் போட்டிருப்பார்கள், அதை நம்பவே கூடாது. பிறகு டிவிக்காகத் தூக்கி வெள்ளியிலோ திங்களிலோ வைத்துவிடுவார்கள். நாள் உறுதியான பிறகுதான் விமான டிக்கெட். "பதறாத காரியம் சிதறாதுடா" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுவான். போன வருஷம் அவசரப்பட்டு டிக்கெட் எடுத்து, ஆட்டமில்லாத நாளில் போய் இறங்கிய கசாப்புக் கடை கேமரனை எங்கே பார்த்தாலும் விடமாட்டான். "என்ன கேமரன், பூட்டின கேட்டு நல்லா இருந்துச்சா?"

அப்பேர்ப்பட்டவன் இந்தத் தடவை அட்டவணை வந்த அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டான். எல்லாம் லாக்லனுக்காக.

லாக்லன் பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குக் கூட்டாளி. படகுப் பட்டறையில் வெல்டர். மனைவி ஷீனா இறந்ததிலிருந்து வேலைக்குப் போவான், வீட்டுக்கு வருவான், கதவைச் சாத்திக்கொள்வான், அவ்வளவுதான். ஊர் அணியின் ஆட்டத்துக்கும் வருவதில்லை. இவனை இப்படியே விட்டால் இவனையும் இழந்துவிடுவோம் என்று ஃபின்லேவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புகைபோட்ட மீனை வாங்கிக்கொண்டு போய்ப் போய்க் கதவைத் தட்டினான். மூஞ்சியில் அடித்தாற்போலப் பேசினாலும் மறுபடி போனான். ஒரு நாள் இத்தாலியில் ஜெனோவா நகரத்து ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தபோது, என்ன தோன்றியதோ, லாக்லன் தலையாட்டினான்.

"வெள்ளிக்கிழமை கிளம்பறோம், சனிக்கிழமை ஆட்டம், ஞாயித்துக்கிழமை வீடு. அதுக்கு மேல ஒரு நாள் கூடினாலும் நான் வரல, சொல்லிட்டேன்."

இவன் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, ஃபின்லே அந்த வாசலில் நின்றபடியே போனைத் தட்டி இரண்டு டிக்கெட்டையும் எடுத்தான். விதியாவது மண்ணாவது!

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கையில் டயர், மறு கையில் போன். கடைசியில் அறிவிப்பு வந்தது. ஜெனோவா ஆட்டம் திங்கட்கிழமை சாயங்காலம்.

வீட்டுக்குப் போய் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாய் அலைந்தான்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கா உனக்கு? நின்னு பேசு" என்றாள் மனைவி மோர்வென்.

"ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போயிடுச்சு. சொன்னா அவன் வரமாட்டான்."

"சொல்லாம?"

"கூட்டிட்டுப் போயிடறேன். அங்க துறைமுகத்தைச் சுத்திக் காட்டறேன், நல்ல சாப்பாடா வாங்கித் தரேன்…"

"நல்லாருக்கு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற. அவன் மறுபடி கதவைச் சாத்தினா அப்புறம் உனக்குத் திறக்கவே மாட்டான், பார்த்துக்கோ. போய்ச் சொல்லிடு."

சொல்லத்தான் கிளம்பினான். போகிற வழியிலேயே கேமரன் கடை வாசலில் நின்று கையை ஆட்டினார். "வாப்பா ஃபின்லே! எனக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு போல!" வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நடையைக் கூட்டினான்.

லாக்லன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மேஜைமேல் பெட்டி, உள்ளே மடித்த சட்டைகள். கதவுக்குப் பின்னால் ஷீனாவின் மழைக்கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபின்லே மேஜையை ஒரு சுற்று சுற்றினான், இன்னொரு சுற்றும் சுற்றினான்.

"டேய், ஒரு விஷயம்… அந்த ஆட்டம்…"

"திங்கட்கிழமை. தெரியும்."

"தெரியுமா? எப்படிடா?"

"நீ ஒருத்தன்தான் போனைப் பார்ப்பியா? நானும் தினம் பார்த்துட்டுதான் இருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு இப்படிப் பண்ணியிருக்க பாரு, மடையா."

"தப்புதான். இப்ப… நீ வரியா, இல்லையா?"

"செவ்வாய்க்கிழமை திரும்பி வர வேற டிக்கெட் எடுத்துட்டேன். பட்டறையில லீவும் சொல்லியாச்சு. நீ எடுக்கலேன்னா ஞாயித்துக்கிழமையே கிளம்பு, நான் இருந்து பார்த்துட்டு வரேன்."

"ஒரு நாள் கூடினாலும் வரலேன்னு சொன்னியேடா?"

லாக்லன் ஒரு சட்டையை எடுத்தான். மடித்திருந்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

"சொன்னேன். அறிவிப்பைப் பார்த்ததும் கோபம்தான் வந்துச்சு. அப்புறம் நினைச்சுப் பார்த்தேன். ரெண்டு ராத்திரி கூடுதலா இந்த வீட்டுக்கு வர வேண்டாம்."

ஃபின்லே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். லாக்லன் தேநீர் போட்டு, அதை இருவரும் குடித்து முடிக்கும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.