வெறும் கொக்கியோடு பேசிய தவசி

தவசிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ப்ளஸ் டூ முடித்தபின் செல்போன் கடை, டைல்ஸ் கடை, பேக்கரி என்று வேலைக்குப் போனான், எல்லாவற்றையும் விட்டான். யாரும் அவனைத் துரத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். வாசலைப் பார்ப்பான். பிறகு வாசலில் போய் நிற்பான். பிறகு ஆளைக் காணாது.

திருவாதவூரில் கொஞ்சம் வயலும் சில ஆடுகளும் வைத்திருக்கும் அவனுடைய அப்பா சோணைமுத்து ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

“ஏசி ரூம்ல உக்காந்து பாக்குற வேலைதான் வேணும்ன. இங்கிலீஷ் படிக்கணும்ன. சரி, படி. இதுவும் நெலைக்கலன்னா மேலூர்ல உன் மாமன் அரிசி மில்லு இருக்கு. மூட்டைக்குக் காவலா உக்காந்துக்க.”

மாமனின் மில்லில் காவலாள் உட்காரும் அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. அதை நினைத்தாலே தவசிக்கு மூச்சு முட்டியது. மறுநாளே பஸ் மாறி ஆரப்பாளையம் போய், ஒரு லாட்ஜின் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தான்.

சொல்லிக்கொடுத்தவள் சரண்யாதேவி மிஸ். அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பாள். “தமிழ்ல விஷயத்த மொதல்ல சொல்லிட்டு, கடைசியிலதான் ‘னு நெனைக்கிறேன்’னு முடிப்போம். இங்கிலீஷ்ல தலைகீழ்,” என்றாள். “மொதல்ல வினை. அதுக்குப் பின்னாடி எப்படிங்கிற வார்த்தை. அப்புறம் ‘தட்’. இந்தத் ‘தட்’ ஒரு கொக்கி மாதிரி. சொல்ல வந்த விஷயத்த அதுல மாட்டணும்.” போர்டில் எழுதிக் காட்டினாள். ஐ பிலீவ் ஸ்ட்ராங்லி தட். ஐ ரிமெம்பர் க்ளியர்லி தட். ஐ நோ வெரி வெல் தட்.

தவசிக்கு இது அமிர்தமாக இருந்தது. இதுவரை இங்கிலீஷ் பேச வாயைத் திறந்தால் முதல் வார்த்தையே வராது. இப்போது விஷயம் என்ன என்று யோசிப்பதற்கு முன்பே பாதி வாக்கியம் ஓடிவிடுகிறது. பஸ்ஸில், டீக்கடையில், வரப்பில், எங்கும் அதைத்தான் முணுமுணுத்தான். கொக்கி வரைக்கும் ரயில் மாதிரி போவான். அதற்கப்புறம் எது வாயில் வருகிறதோ அதை மாட்டிவிடுவான்.

வகுப்பில் பக்கத்தில் உட்காருபவன் வில்லாபுரத்து ஷாநவாஸ். அவனுக்கு இவனைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

“மாப்ள, மழை வருமா?”

“ஐ பிலீவ் ஸ்ட்ராங்லி தட்...”

“ம், தட்?”

“...ரெயின் இஸ் கமிங்.”

“வெயிலு மண்டையப் பொளக்குது. எதுக்குடா இம்புட்டு ஸ்ட்ராங்கு?”

“ஸ்ட்ராங்கா சொன்னாத்தான் மாப்ள நம்புவாய்ங்க.”

இந்தப் பழக்கம் தமிழுக்கும் தொற்றியது. ஒருநாள் சாயங்காலம் ஓர் ஆட்டைக் காணவில்லை. “அப்பா, நான் ரொம்ப உறுதியா நம்புறேன், என்னன்னா...” என்று தவசி தொடங்கினான்.

“என்னன்னா? சொல்லித் தொலைடா!”

“கம்மாப் பக்கம் போயிருக்கும்.”

சோணைமுத்து கண்மாயைச் சுற்றிவிட்டுக் கால் ஓய்ந்து வந்தார். ஆடு வீட்டுக்குப் பின்னால் வாழை இலையைத் தின்றுகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனுக்கு ஆள் கேட்டார்கள். மேனேஜர் சத்யப்ரியா இவன் பேச்சைக் கேட்டு அசந்துதான் போனாள். “ஒரு வாரம் வந்து பாரு. சரியா வந்துச்சுன்னா ரிசப்ஷன் உனக்குத்தான்,” என்றாள். ஷாநவாஸ் தன் டையைக் கொடுத்தான். குளுகுளுவென்று ஏசி, சுழலும் நாற்காலி, கண்ணாடிக் கதவு. அப்பாவிடம் சொல்லிக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்? எறும்பு ஊரும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் காலை ஆட்டிச் சமாளித்தான். அறையில் ஏசி ஓடவில்லை என்று வந்தவரிடம், “ஐ அண்டர்ஸ்டாண்ட் கம்ப்ளீட்லி தட் யூ ஆர் ஹாட், சார்,” என்றான். அவர் சிரித்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் மும்பைக்காரர் ஒருவர் அறையைக் காலி செய்துவிட்டுக் கீழே வந்தார். மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாயங்கால விமானத்தைப் பிடிக்க வேண்டும். ஹோட்டலுக்கு வழக்கமாகக் கார் ஓட்டும் முத்திருளனைத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். தவசி அவருக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

டிரைவர் வருகிறாரா, இல்லையென்றால் நான் வேறு கார் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மும்பைக்காரர், இங்கிலீஷில்.

தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நாக்கு அதற்குள் புறப்பட்டுவிட்டது. “ஐ நோ வெரி வெல் தட் ஹி இஸ் கமிங், சார்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். சோபாவில் சாய்ந்து பேப்பரை விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். தவசி மறுபடியும் அதையே சொன்னான், இந்தத் தடவை இன்னும் ஸ்ட்ராங்காக.

கடைசியில் முத்திருளனே கூப்பிட்டார். “தம்பி, திருமங்கலத்துல டயர் வெடிச்சு நிக்கிறேன்ப்பா. போன்ல சார்ஜும் இல்லாமப் போச்சு, கடைக்காரர் போன்ல பேசுறேன். வேற வண்டி சொல்லிருங்க.”

வேறு வண்டி தேடினால் ஒன்றும் பக்கத்தில் இல்லை. மும்பைக்காரர் கவுண்டருக்கு வந்தார். கத்தவில்லை. “நன்றாகத் தெரியும் என்று சொன்னாய். அதனால்தான் உட்கார்ந்தேன்,” என்றார். தவசிக்கு அது கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது.

சத்யப்ரியா வெளியே வந்தாள். “டிரைவர் போன எடுக்கலன்னு இவர்ட்ட சொன்னியா?”

“இல்ல மேடம்.”

“ஏன் சொல்லல?”

தவசி சுவர்ப் பக்கம் திரும்பினான். காய்கறி வாங்கப் போகும் ஹோட்டல் ஸ்கூட்டரின் சாவி ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு, “நான் கொண்டுபோயி விட்டுர்றேன் மேடம்,” என்றான்.

பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் விரட்டினான். பழங்காநத்தத்தில் வண்டிகள் அப்படியே நின்றன. பின்னாலிருந்து அவர் கேட்டார்: “வில் ஐ கெட் த ஃப்ளைட்?”

ஸ்ட்ராங்லி, க்ளியர்லி, வெரி வெல் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. தவசி அவற்றை அப்படியே விழுங்கினான்.

“ஐ டோன்ட் நோ, சார்.”

 பின்னால் அவர் போனை எடுத்தார். போர்டிங் பாஸைப் போனிலேயே வாங்கினார். விமானக் கம்பெனியைக் கூப்பிட்டு வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். பெங்களூர் வழியாக வேறு விமானம் உண்டா என்றும் விசாரித்து வைத்துக்கொண்டார். தவசி கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஹோட்டலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த மனிதர் இதையெல்லாம் அப்போதே செய்திருப்பார்.

அவனியாபுரம் தாண்டி ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டதும் அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். தவசி அங்கேயே நின்றான். ஒரு விமானம் ஏறிப் போனது. அவர் அதில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே வண்டியைத் திருப்பினான்.

“ஏறிட்டாராம். போன் பண்ணுனார்,” என்றாள் சத்யப்ரியா. “ஆனா ரிசப்ஷன்ல உன்னைய வைக்க முடியாது தவசி. தெரியாததத் தெரியும்னு சொல்லிர்ற.”

“இனிமே சொல்ல மாட்டேன் மேடம்.”

“அது எப்படி உனக்கு இப்பவே தெரியும்?”

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முத்திருளண்ணன் ஒருத்தர நம்பி இருக்க முடியல. ஸ்டேஷன், ஏர்போர்ட்டுன்னு வண்டி புடிச்சு கெஸ்ட்ட கூட்டிட்டு வரணும், கொண்டுபோயி விடணும். உக்கார நேரம் இருக்காது. செய்றியா?”

தவசி அந்தச் சுழலும் நாற்காலியைப் பார்த்தான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. “செய்றேன் மேடம்,” என்றான்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டான்.

“வேலை கெடச்சிருச்சுப்பா. ஆனா ஏசி ரூம் இல்ல. ரோட்டுல அலையுற வேலை.”

“உக்கார்ற வேலை இல்லையா?”

“இல்லப்பா.”

“நீ எப்படா உக்காந்த?” என்றார் சோணைமுத்து. பிறகு குரலைத் தணித்து, “நெலைப்பியா?” என்று கேட்டார்.

“தெரியலப்பா. நாளைக்குக் காலையில ரயில்ல ஒரு குடும்பம் வருது. அவங்கள கூட்டியாரப் போறேன்.”

“சரி, போ,” என்று அவர் போனை வைத்தார்.