டின்களோடு அவரை உட்கார வைத்தேன்

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷம் முன்பு குமணன்சாவடியில் ஒரு பணக்காரரின் மோட்டார் ஷெட்டில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். தாழ்வான, கூரையில்லாத ரேஸ் கார் ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். பெங்களூர்ப் பக்கம் பந்தயம் என்றால் அதை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போவது என் வேலை. இழுபடும் காரில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பூந்தமல்லி பாய் செய்தார். தகரம் பற்றவைப்பதில் அவர் கை சுத்தம். ஷெட்டின் பெட்ரோல் டின்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன.

டின்களை எடுத்துப்போவதில் நாங்கள் இருவரும் கண்டிப்பாக இருந்தோம். தரையில் வைத்துத்தான் நிரப்புவோம். வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால் கழுத்துவரை ஊற்றமாட்டோம். மூடிக்குள் தோல் வாஷர் போட்டு இறுக்கி, லாரியின் திறந்த தட்டில் சைலன்சர் குழாய்க்கு எட்டாத மூலையில் நிமிர்த்தி வைத்து, அசையாமல் கட்டி, ஈரச் சாக்கு போர்த்துவோம். ஆள் உட்காரும் காரில் ஒரு டின்னைக்கூட ஏற்றியதில்லை.

ஒரு வருஷம் பந்தயத்துக்குப் புறப்படும்போது ஷெட் மேனேஜர் குறுக்கே வந்தார். முதலாளி ரயிலில் போய்விட்டதால் அன்று எல்லாம் அவர் அதிகாரம். கூடாரம், கட்டில், நாற்காலி என்று லாரியை அடைத்துவிட்டார்.

"டின்ன எல்லாம் ரேஸ் காருல பாய் பக்கத்துல வெச்சுடு" என்றார்.

"வேணாங்க. லாரி சைலன்சர் அப்பப்ப நெருப்பு கக்குது. பொறி பின்னால வந்தா இன்னா பண்றது?"

"இத்தினி நாளா வராதது இன்னிக்கா வரப்போவுது? சொன்னத செய்."

செய்தேன். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

திருமழிசை தாண்டியதும் ஒரு குழியில் லாரி குலுங்கியது. பின்னால் டின்கள் சாய்ந்து ஒன்றின் மூடி கசிந்திருக்கிறது. சைலன்சர் படாரென்று வெடித்தது. திரும்பிப் பார்த்தபோது பாயின் இடது பக்கம் முழுக்கத் தீ. அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. விட்டிருந்தால் கார் எதிரே வந்த மாட்டு வண்டிமேல் ஏறியிருக்கும். நான் லாரியை நிறுத்திக் கயிற்றை அறுத்து, அவரை வயல் தண்ணீரில் தள்ளினேன். உயிர் தங்கியது. புண் ஆறியபோது இரண்டு கைகளிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என்னோடு லாரியில் வந்த மேனேஜர் சாலையின் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முதலாளியிடம் அவர் சொன்னது இதுதான்: பாய் பீடி பிடித்தார், அதனால் பற்றிக்கொண்டது.

அது நோன்பு மாதம். விடிந்ததிலிருந்து எச்சில்கூட விழுங்காத மனிதர் பாய். மற்ற நாளிலும் அவர் பீடி தொட்டவர் அல்ல. நான் போய்ச் சொன்னேன். "கூட்டாளிக்குப் பரிந்து பேசாதே" என்று முதலாளி என்னை வெளியே அனுப்பிவிட்டார். பாயை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் வேலையை விடவில்லை. மேனேஜர் என் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பதற்காகவே இருந்தேன். தினமும் காலையில் அவருக்குக் கும்பிடு போட்டேன். ஒவ்வொரு கும்பிடுக்கும் உள்ளே ஏதோ ஒன்று கெட்டிப்பட்டது.

அடுத்த பந்தயம் வந்தது. அதற்குள் தீப்பட்ட ரேஸ் காரைப் பழுது பார்த்திருந்தார்கள். இந்த முறை முதலாளியும் லாரியில் வருவதாகச் சொன்னார். முந்தின நாள் மத்தியானம், பெட்ரோல் டின்களை வழக்கம்போல் லாரியின் மூலையில் கட்டி, மேலே சாக்கைப் போட்டு மறைத்தேன். வேறு ஆறு டின்களில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். வாடை வருவதற்காக வெளியே பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, மூடிகளை அரைகுறையாகத் திருகி, ரேஸ் காரில் அடுக்கினேன்.

காலையில் முதலாளி கேட்டார்: "காரில் யார் உட்காருவது?"

"மேனேஜர் ஐயாதாங்க. அவருக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியும். டின்னு காருல கீது, பீடி புடிக்காத ஆளா இருக்கணும் இல்லீங்களா?"

மேனேஜர் டின்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏறி உட்கார்ந்தார்.

பூந்தமல்லி வரை மெதுவாகப் போனேன். அதன்பின் ஒரு குழியையும் விடவில்லை. டின்கள் தளும்பி அவர் வேட்டியை நனைத்தன. நாசரேத்பேட்டை அருகே இறக்கத்தில் இக்னிஷன் சுவிட்சை ஒரு கணம் அணைத்துப் போட்டேன். எரியாத பெட்ரோல் குழாயில் சேர்ந்து, மறுபடி போட்டதும் சைலன்சர் படார் என்றது. பின்னால் கேட்ட அலறலில் முதலாளி என் தோளைப் பிடித்தார். நிறுத்தினேன்.

மேனேஜர் காரிலிருந்து விழுந்தடித்து இறங்கிச் சாலையில் உட்கார்ந்தார். "பாய் பீடி புடிக்கல" என்றார். "நான்தான் வெக்கச் சொன்னேன். இவன் வேணாம்னான்."

நான் மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவரு ஊட்டாண்ட வந்து சொல்லுங்க" என்றேன். லாரியைத் திருப்பினேன். யாரும் தடுக்கவில்லை.

பூந்தமல்லியில் பாயின் வீட்டு வாசலில் ஈர வேட்டியோடு நின்று, மேனேஜர் அதையே மறுபடி சொன்னார். முதலாளி பாயைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். பாய் தன் கைகளைக்கூட நீட்டிக் காட்டவில்லை. "கெளம்புங்க, ரேஸுக்கு நாழியாவுது" என்று மட்டும் சொன்னார்.

டின்களில் தண்ணீர்தான் என்பதை அங்கேயே சொன்னேன். மேனேஜரோடு சேர்த்து என்னையும் முதலாளி அன்றே அனுப்பிவிட்டார். மறுவாரம் பாயைப் பார்க்கப் போனேன். முதலில் அவர் முகம் கொடுக்கவில்லை. பிறகு கேட்டார்:

"அண்ணாத்தே, நெசமா சொல்லு. பெட்ரோலே வெக்கலாம்னு நெனச்சியா இல்லியா?"

"நெனச்சேன் பாய். ஒரு வாரம் நெனச்சிகினே இருந்தேன்."

"அப்புறம் ஏன் வெக்கல?"

"வெந்து செத்துட்டா அவன் வாயால யாரு சொல்றது?"

பாய் மனைவியைக் கூப்பிட்டு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் அதன்பின் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியாது. அவர் அலறியது எனக்கு இன்றும் இனிக்கிறது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.