மூன்றாவது படம்

ஒன்பது வயதில் நான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டேன் என்று கிட்டத்தட்ட மூன்று கிழமை நம்பிக்கொண்டிருந்தேன். கொன்றது ஒரு ஊதுபத்தியால்.

அப்போது நாங்கள் ஆக்லாந்தில், மங்கரேயில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாம் அன்ரி தனியே இருந்தார். அவரும் அம்மாவும் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் ஒன்றாக வேலை. இரண்டு பேருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. ஆனாலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

அன்ரியின் ஊர் ஹுவே, முன்பு அரசர்கள் இருந்து ஆண்ட தலைநகரம். அந்தக் கோட்டை வாசலின் படம் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. கோட்டை மதிலுக்கு உள்ளேதான் தன் வீடு என்று அவர் சொன்னதால் அவரை ஒரு இளவரசி என்றே நான் முடிவுகட்டியிருந்தேன். இளவரசி ஏன் தட்டு அடுக்குகிறார் என்று யோசிக்கவில்லை.

சண்டைக் காலத்தில் அந்த மதிலுக்குள் அவருடைய தம்பி காணாமல் போயிருந்தார். இத்தனை வருடம் கழித்து அன்ரி அவரைத் தேடி ஊருக்குப் புறப்பட்டார். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம்தான் தந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுவர்த் தட்டில் இருக்கும், செத்துப்போன தன் தாய் தகப்பன் படங்களுக்கு ஊதுபத்தி கொளுத்த வேண்டும். சின்ன மேசையில் தனியே இருந்த தம்பியின் படத்தைக் காட்டி, "இவனுக்கு வேண்டாம்" என்று இரண்டு தரம் சொன்னார். எங்கள் வீட்டில் மாமாவின் படமும் அப்படித்தான், மாலையும் விளக்கும் இல்லாமல் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. அம்மாவின் தம்பி அவர். எங்கள் ஊர்ச் சண்டையில் ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகு ஒரு தகவலும் இல்லை.

நாலாம் நாள் எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு வாசம், ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் பாவம்தானே! தம்பிக்கும் ஒன்று கொளுத்தி வைத்துவிட்டு, அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. என்னை இழுத்துக்கொண்டு ஓடிப்போய், பாதி எரிந்த குச்சியைப் பிடுங்கித் தண்ணீரில் அமுக்கினார்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆரும் ஊதுபத்தி கொளுத்துவினமேடி?" என்று முதுகில் ஒன்று போட்டார்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹுவேயில் எங்கேயோ உயிரோடு நடந்துகொண்டிருந்த மனிதர் என் குச்சி எரிந்த நேரத்தில் பொத்தென்று விழுந்திருப்பார். டெலிபோன் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். அம்மா எங்கள் பிள்ளையாருக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினார். வியட்நாம் ஆளுக்காக அந்தப் பிள்ளையாரிடம் யாரும் அதற்குமுன் மன்றாடியிருக்க மாட்டார்கள். ஒருநாள் அதே கோட்டை வாசல் போட்ட தபாலட்டை வந்தது. 'நல்ல மழை. இன்னும் தேடுகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த 'இன்னும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டேன்.

அன்ரி திரும்பி வந்த அன்று நான் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்தேன். அம்மா இழுத்துக்கொண்டு போனார். அன்ரி எங்களைக் கண்டதும் தம்பியின் படத்தை எடுத்துத் தாய் தகப்பனுக்கு நடுவில் வைத்தார்.

"நான்தான் கொளுத்தினனான்!" என்று கத்தி அழுதேன். அம்மா பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னார்.

அன்ரி என்னை அணைத்துக்கொண்டார். காணாமல் போன அந்த மாதமே தம்பி இறந்துவிட்டாராம். புதைத்த அயலவர் ஒருவர் கோட்டை மதிலோரம் இடத்தைக் காட்டினாராம்.

"நீ பிறக்க எத்தனையோ வருடம் முன்னமே அவன் போய்விட்டான். அவனுக்கு முதல் ஊதுபத்தி கொளுத்தியது நீதான். நன்றி" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தெரிஞ்சது நல்லதா?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"இப்போது இரவில் நித்திரை வருகிறது" என்றார் அன்ரி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியிலிருந்து ஒரு ஊதுபத்தியை உருவிக்கொண்டு மாமாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். நெருப்புப்பெட்டியைத் தேடிக் களைத்துவிட்டாராக்கும் என்று நான் ஓடிப்போய் எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தட்டிவிட்டு, குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் செருகிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்ரி நன்றி சொன்ன அதே காரியத்துக்கு இவர் ஏன் அழுகிறார் என்று விளங்காமல், கீழே சிதறிய தீக்குச்சிகளை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.