கறுப்புக் குழாயின்மேல் வெள்ளை எழுத்து

ரப்பர் குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவரை எல்லாரும் 'வெள்ளைக்காரர்' என்றார்கள். கறுப்புக் குழாய்களின்மேல் வெள்ளை எழுத்து அச்சடிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. அவரும் அந்தப் பெயரைப் பட்டம்போலச் சுமந்தார்.

சாதாரண மை கறுப்பில் போன இடம் தெரியாது. வெள்ளைப் பொடி கலந்த மை வேண்டும். பொடி கனமானது, கிளறாமல் விட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் மைத்தொட்டிக்குள் ஒரு கலக்கி ஓயாமல் கடகடவென்று சுற்றும்.

ஃபோர்மேன் பதவி அவருக்குத்தான் என்று மேனேஜர் சாடையாகச் சொல்லியிருந்தார். இவர் சாடையை விட்டுவிட்டு மீதியைச் சொந்தபந்தம் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையின் பாராட்டு காதில் விழ வேண்டுமே என்று ஒருநாள் காலை கலக்கியை நிறுத்தினார்; திரும்ப ஓடவிட மறந்துபோனார்.

கண்ணாடி போடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். குழாயை விரலால் தொடுவார்; ஈரம் ஒட்டினால் அச்சு விழுந்ததாகக் கணக்கு. அன்றும் நன்றாகவே ஒட்டிற்று.

மதியம், பரிசோதனை மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவியின் தம்பி ஒரு குழாய்ச்சுருளோடு வந்தான்.

"மாமா, இதுல எழுத்து எங்க?"

"கண்ணைத் தொடச்சுட்டுப் பாரு மாப்ளே. ஒவ்வொண்ணையும் என் கையால தொட்டு அனுப்பியிருக்கேன்."

"தொட்டீங்க, சரி. பாத்தீங்களா?"

"பாக்கத்தானே உன்னை வச்சிருக்காங்க?"

மைத்துனன் தொட்டியைத் திறந்தான். மேலே தண்ணீர்போலத் தெளிவு. அடியில் வெள்ளைச் சேறு. இயந்திரம் ஓர் எழுத்தையும் விடாமல் அச்சடித்துத்தான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். செய்ததும் தெரிவதும் வேறு வேறு என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கடினம். ஃபோர்மேன் ஆகப்போகிறவருக்கு இன்னும் கடினம்.

மேனேஜர் வந்ததும் இவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், சாய்ச்சுப் பாத்தா லேசா மினுக்குது பாருங்க."

"வாங்கறவங்களை எல்லாம் சாஞ்சு நிக்கச் சொல்லிடலாமா?"

வெள்ளைக்காரரின் முகம் செத்துப்போயிற்று. பதவி போச்சு, அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று மைத்துனன் கவலைப்பட்டான்.

மேனேஜரின் கவலை வேறு. இந்த ஆளை இயந்திரத்தின் பக்கமே விடக்கூடாது; வேலையை விட்டு அனுப்பினால் சங்கம் சும்மா விடாது. எதையும் தொடத் தேவையில்லாத வேலை ஒன்றே ஒன்றுதான் அங்கே காலியாக இருந்தது.

மறுநாள் இயந்திரத்தின் பொறுப்பு மைத்துனன் தலையில் விழுந்தது. அவன் முழங்கைவரை சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது, புதுச் சட்டையும் பின்னால் கட்டிய கைகளுமாக ஃபோர்மேன் வந்து நின்றார்.

"கலக்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திடாதே. அனுபவத்துல சொல்றேன்."

"சரிங்க மாமா."

"வேலை நேரத்துல என்ன மாமா? சார்னு கூப்பிடு."